பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: கெர்னல் நினைவகப் பிழைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இயங்குதளம் நினைவகத்தை எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாராட்டும் இல்லை, சந்தேகமும் இல்லை, புலம்பல்தான். "கெர்னல் விழுகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்ற ஒரே ராகம் (கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உட்கரு). அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். கார்டு தரவைப் பிடித்து நினைவகத்தில் கொட்டும், டிரைவர் விநாடிக்கு ஒருமுறை கார்டின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். சாதாரணமாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. டிரைவரைக் கார்டிலிருந்து பிரித்து மறுபடி சேர்ப்பதை (அன்பைண்ட், பைண்ட்) ஸ்கிரிப்ட் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மட்டும் எப்போதாவது கெர்னல் விழுந்துவிடுகிறது. ஒருநாள் ஃபைல் சிஸ்டத்தில் விழுகிறது, மறுநாள் நெட்வொர்க்கில். என் டிரைவரின் பெயரே ஊப்ஸ் செய்தியில் (விழும்போது கெர்னல் அச்சிடும் பிழை அறிக்கையில்) இல்லை. சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) 'நல்' ஆக, அதாவது வெறுமையாக, இருக்கிறதா என்று சோதனை போட்டாயிற்று. லாகில் செய்தி எழுதும் பிரிண்ட்கே வரிகளைச் சேர்த்தால் பிழை வருவதே இல்லை. கெர்னலிலேயே பிழையா சார்?

கெர்னலில் பிழையே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தினால் விழுவதும் நிற்கிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் முதலில் சொந்த வீட்டைத் தேடுவோம்.

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் (வேறு வேறு இடத்தில் விழுவது, 'நல்' சோதனைக்குச் சிக்காதது, பிரிண்ட் போட்டால் மறைவது) சேர்ந்து வந்தால் அநேகமாக ஒரே நோய்தான்: விடுவித்த நினைவகத்தை யாரோ இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம். உங்கள் டிரைவர் தன் கணக்கு வழக்கை வைத்துக்கொள்ள ஒரு ஸ்ட்ரக்ட் வைத்திருக்கும், அது 200 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னலுக்குள் நினைவகம் தரும் கேமாலக்கிடம் 200 பைட் கேட்டால் அது உங்களுக்கென்று தனியாக எதையும் வெட்டித் தருவதில்லை. 256 பைட் துண்டுகளாக முன்பே நறுக்கி வைத்திருக்கும் பக்கங்களிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும். அந்த 256 பைட் துண்டுகளைத்தான் ஃபைல் சிஸ்டமும் வாங்குகிறது, நெட்வொர்க்கும் வாங்குகிறது. நீங்கள் கேஃப்ரீ செய்ததும் துண்டு கிடங்குக்குத் திரும்பும். இன்றைய லினக்ஸில் இந்த வேலையைப் பார்க்கும் ஸ்லப் என்ற பகுதி பொதுவாகக் கடைசியாகத் திரும்பி வந்ததைத்தான் முதலில் எடுத்து நீட்டும், பிராசஸரின் கேஷில் அது இன்னும் சூடாக இருக்கும் என்பதால். ஆக நீங்கள் விட்ட துண்டு சில மைக்ரோ விநாடிக்குள் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் உங்கள் டிரைவரில் எஞ்சியிருக்கும் ஏதோ ஒரு மூலை, பழைய பாயிண்டரை வைத்துக்கொண்டு "நிலை சரி" என்று ஒரு எண்ணை அங்கே எழுதுகிறது. அது இப்போது ஃபைல் சிஸ்டத்தின் பாயிண்டர் இருக்கும் இடம். எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது, முகவரி செல்லுபடியாகும் முகவரிதானே. பிறகு எப்போதோ ஃபைல் சிஸ்டம் அந்தப் பாயிண்டரைப் பின்பற்றிப் போய்க் குழியில் விழும். ஊப்ஸில் அதன் பெயர்தான் வரும்.

சாதாரண நிரலில் இப்படி ஒன்று நடந்தால் அந்த ஒரு புராசஸோடு போய்விடும். கெர்னலில் எல்லோரும் ஒரே முகவரி வெளியில் குடியிருக்கிறார்கள், நடுவில் சுவர் கிடையாது.

'நல்' சோதனை ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். விடுவித்த துண்டின் பாயிண்டர் 'நல்' ஆக மாறுவதில்லை, அழகான, நம்பத்தகுந்த ஒரு முகவரியாகவே இருக்கும். பிரிண்ட்கே போட்டால் பிழை மறைவதற்குக் காரணம் நேரம். அந்த வரி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடுகின்றன. பிழை போகவில்லை, ஜன்னல் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். பிரிண்ட் போட்டதும் சரியாகிவிட்டது என்று அந்த வரியை அப்படியே விட்டு வெளியிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி. முதல் படி, பூட் செய்யும்போது ஸ்லப்-டீபக் விருப்பத்தை முழுதாக இயக்குங்கள். விடுவித்த துண்டைக் கெர்னல் '6பி' என்ற பைட்டால் நிரப்பி வைக்கும் (பதினாறு நிலை எண்ணில்), ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் காவல் பைட்டுகளை வைக்கும், யார் வாங்கினார் யார் விட்டார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஊப்ஸில் ஒரு ரெஜிஸ்டர் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) 6பி6பி6பி6பி என்று வரிசையாகக் காட்டினால் மேலே படிக்கவே வேண்டாம், செத்துப்போன துண்டிலிருந்து யாரோ பாயிண்டர் எடுத்திருக்கிறார்கள். அதேபோல 64 பிட் கணினியில் முகவரி 'டெட்' என்ற நான்கு எழுத்தில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால், அது பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்ட உறுப்பு. இந்த எண்களை எல்லாம் கெர்னல்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், பார்த்த உடனே கண்ணில் உறுத்த வேண்டும் என்று.

ஸ்லப்-டீபக்கில் ஒரு குறை: துண்டு திரும்ப வரும்போதோ மறுபடி வெளியே போகும்போதோதான் அது காவல் பைட்டுகளைச் சரிபார்க்கும். திருட்டு நடந்தபிறகு பூட்டைப் பார்ப்பது மாதிரி. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் கேசான் என்ற கெர்னல் சோதனைக் கருவி வேண்டும். 2015இல் லினக்ஸ் 4.0 உடன் வந்தது. கெர்னலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக்கொண்டு, கம்பைலர் ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் "இது தொடக்கூடிய இடமா" என்ற சோதனையைச் சொருகிவிடும். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போகும், வேகமும் பாதிக்குக் கீழே இறங்கலாம், அதனால் சோதனைக் கணினியில் மட்டும் போதும். இன்னொரு நல்ல விஷயம், விடுவித்த துண்டை அது உடனே மறுபடி விநியோகிக்காமல் கொஞ்ச காலம் தனிமைப்படுத்தி வைக்கும், அதற்குள் யாராவது வந்து தொட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

கேசான் அறிக்கையில் மூன்று அடுக்குகள் வரும்: தொட்டது யார், முதலில் வாங்கியது யார், விடுவித்தது யார். எல்லோரும் முதல் அடுக்கையே முறைத்துப் பார்ப்பார்கள். நான் மூன்றாவதிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் கேள்வி "ஏன் தொட்டாய்" என்பதைவிட "இவன் இன்னும் வைத்திருக்கும்போது நீ ஏன் விட்டாய்" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வொர்க் க்யூ (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) வழியாக வந்த தொடுதல் என்றால், அந்த வேலையைக் கடைசியாக வரிசையில் போட்டது யார் என்பதையும் புதிய கெர்னல்களில் கேசான் சேர்த்து அச்சிடுகிறது.

உங்கள் கடிதத்தை வைத்து ஊகிக்கிறேன்: விநாடிக்கு ஒருமுறை நிலையைப் பார்க்கும் அந்த வேலை ஒரு டிலேட் வொர்க், அதாவது குறித்த நேரம் கழித்து ஓடும் வேலை. அன்பைண்ட் ஆகும்போது அழைக்கப்படும் ரிமூவ் ஃபங்ஷனில் நீங்கள் ஸ்ட்ரக்ட்டை விடுவிக்கிறீர்கள், வரிசையில் காத்திருக்கும் வேலையை ரத்து செய்யவில்லை, அல்லது ரத்து செய்தும் 'சிங்க்' இல்லாத வடிவத்தை அழைத்திருக்கிறீர்கள். சிங்க் இல்லாதது காத்திருக்கும் வேலையை மட்டும் எடுத்துப்போடும். அந்தக் கணம் இன்னொரு பிராசஸரில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது நிற்காது. சிங்க் வடிவம் நிற்கும், வேலை தன்னைத்தானே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்ளும் வகையாக இருந்தாலும் சமாளிக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, ரிமூவ் ஃபங்ஷன் ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்துக்கொண்டு "வேலை முடியட்டும்" என்று நிற்கும், அந்த வேலையோ அதே மியூடெக்ஸுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இருவரும் நகர மாட்டார்கள். ரத்து செய்வதைப் பூட்டுக்கு வெளியே வையுங்கள். இரண்டாவது இன்னும் மோசம், நான் இரண்டு வாரம் தொலைத்த இடம் அதுதான். உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லரும் (கார்டு 'கவனி' என்று குறுக்கிடும்போது ஓடும் ஃபங்ஷன்) அதே வேலையை வரிசையில் போடுகிறதா? இன்டரப்ட்டை 'டெவ்-எம்' வகை ஃபங்ஷனால் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அந்த இன்டரப்ட் தானாக விடுபடுவது ரிமூவ் முடிந்த பிறகுதான். நீங்கள் வேலையை ஒழுங்காக ரத்து செய்கிறீர்கள், ரிமூவ் இன்னும் முடியவில்லை, கார்டிலிருந்து ஒரு கடைசி இன்டரப்ட் வருகிறது, ஹேண்ட்லர் வேலையை மறுபடி வரிசையில் போட்டுவிட்டுப் போகிறது. நான் அப்போது ஃபைல் சிஸ்டம்மேல் பழி போட்டு மின்னஞ்சல் அனுப்பாத ஆள் கிடையாது. முதலில் கார்டிடம் இன்டரப்ட் அனுப்பாதே என்று சொல்ல வேண்டும், பிறகு இன்டரப்ட்டை விட வேண்டும், பிறகு வேலையை ரத்து செய்ய வேண்டும், கடைசியில்தான் கேஃப்ரீ.

திருத்தம் சரியா என்று பார்க்க ஸ்கிரிப்ட்டை இரவு முழுக்க ஓட்டுவது மட்டும் போதாது. அந்த வேலை ஃபங்ஷனுக்குள் 500 மில்லி விநாடி தூங்கும் வரி ஒன்றைத் தற்காலிகமாகப் போடுங்கள். பிரிண்ட்கே ஜன்னலைச் சுருக்கியது, இது அகலத் திறந்துவிடும். பழைய கோடில் இந்த வரியைப் போட்டால் முதல் சில சுற்றிலேயே விழ வேண்டும், புதிய கோடில் விழவே கூடாது. இரண்டையும் பார்த்தபிறகுதான் காரணம் பிடிபட்டது என்று நான் ஒத்துக்கொள்வேன். பழையதில் விழாவிட்டால் நீங்கள் வேறு ஏதோ பிழையைத் திருத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: கேஃப்ரீ செய்தவுடன் பாயிண்டரை 'நல்' ஆக்கிவிடுவது நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் அப்படிச் செய்துவிட்டால் இந்த வம்பே வராதே?

நீங்கள் 'நல்' ஆக்குவது ஒரு பிரதியை. அதே முகவரி ஒரு பட்டியலில் இருக்கும், ஒரு டைமரில் இருக்கும், இன்னொரு பிராசஸர் ஏற்கெனவே தன் ரெஜிஸ்டரில் எடுத்து வைத்திருக்கும். அவற்றையெல்லாம் யார் 'நல்' ஆக்குவது? இன்னொரு பக்கம், கேஃப்ரீக்கு 'நல்' கொடுத்தால் அது பேசாமல் திரும்பிவிடும், அதனால் இரண்டு முறை விடுவிக்கும் தவறு வெளியே தெரியாமல் போகும். கெட்ட பழக்கம் என்று சொல்லவில்லை, ஆனால் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

ஒரு பொருளைப் பலர் வைத்திருப்பது தவிர்க்க முடியாது என்றால் எண்ணிக்கை வையுங்கள். டிரைவர் பிரிந்த பிறகும் ஏதோ ஒரு நிரல் அந்தக் கருவியின் ஃபைலைத் திறந்து வைத்திருக்கலாம், அது மூடும்போது உங்கள் ரிலீஸ் ஃபங்ஷன் பழைய ஸ்ட்ரக்ட்டைத் தேடி வரும். ஒவ்வொரு திறப்புக்கும் ஒன்று கூட்டி, ஒவ்வொரு மூடலுக்கும் ஒன்று கழித்து, பூச்சியம் ஆகும்போது விடுவிக்க வேண்டியதுதான். சாதாரண முழு எண்ணை வைத்து எண்ணாதீர்கள். 2017இல் 4.11 பதிப்பில் 'ரெஃப்கவுண்ட்' என்றே ஒரு தனி வகை வந்தது. கணக்கு எல்லை மீறினால் அது சுற்றிக்கொண்டு பூச்சியத்துக்கு வராமல் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு எச்சரிக்கை எழுதும். ஒரு துண்டு விடுபடாமல் வீணாவது, தவறாக விடுபடுவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதே 'ஜிஎஃப்பி கெர்னல்' கொடியோடு கேமாலக் செய்கிறேன். தப்பு என்கிறார்கள். ஆறு மாதமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே?

நினைவகம் தாராளமாக இருக்கும்வரை ஆகாது. அந்தக் கொடிக்குப் பொருள் "தேவைப்பட்டால், நினைவகம் கிடைக்கும்வரை நான் தூங்கிக் காத்திருக்கிறேன்" என்பது. தேவைப்படும் நாள் வரவில்லை, அவ்வளவுதான். நினைவகம் நெருக்கடியாகும் நாளில் பூட்டைப் பிடித்தபடியே தூங்கப் போவீர்கள், அதே பூட்டுக்காக இன்னொரு பிராசஸர் சுற்றிக்கொண்டே இருக்கும். 'டீபக் அட்டாமிக் ஸ்லீப்' என்ற கெர்னல் அமைப்பை இயக்கிவிட்டு ஓட்டுங்கள், உண்மையில் தூங்காவிட்டாலும் தூங்கக்கூடிய இடம் என்றாலே அது கத்தும். உடனே எல்லாவற்றையும் 'ஜிஎஃப்பி அட்டாமிக்' ஆக மாற்றிவிடவும் வேண்டாம். அது அவசரத்துக்கு ஒதுக்கி வைத்த கையிருப்பிலிருந்து எடுக்கும், கிடைக்காமலும் போகும். பூட்டைப் பிடிப்பதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போவதுதான் சுலபம்.

கேள்வி: ஒரு சர்வரில் நினைவகம் நாளுக்கு நாள் குறைகிறது. எந்தப் புராசஸைப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது, எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. கெர்னல்தான் தின்கிறதா? எப்படி நிரூபிப்பது?

'யூஸ்டு' என்று காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஃபைல் கேஷ் கேட்டால் திரும்பக் கிடைக்கும். மெம்இன்ஃபோ ஃபைலில் 'மெம்அவைலபிள்' வரியையும் 'எஸ்அன்ரீக்ளெய்ம்' வரியையும் பாருங்கள். இரண்டாவது, கெர்னல் வாங்கி வைத்திருக்கும், திரும்பப் பிடுங்க முடியாத ஸ்லாப் (முன்பே நறுக்கி வைத்த துண்டு) நினைவகம். அது ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் சரி. அப்புறம் ஸ்லாப்டாப் கட்டளையை ஓட்டினால் எந்த அளவுத் துண்டு பெருகுகிறது என்று தெரியும். சில நேரம் துண்டுக் கிடங்கின் (இதையும் கேஷ் என்பார்கள்) பெயரே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும், 'கேமாலக்-64' என்று பொதுப் பெயராக வந்தால்தான் தொல்லை.

அப்போது கேமெம்லீக் என்ற கசிவு தேடும் கருவி. 2009 முதல், அதாவது 2.6.31 முதல் கெர்னலில் இருக்கிறது. அதன் யோசனை எளிமையானது, எனக்குப் பிடித்ததும்கூட. வாங்கிய ஒவ்வொரு துண்டின் முகவரியையும் குறித்துக்கொண்டு, வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவிப் பார்க்கும். ஒரு துண்டின் முகவரி எங்குமே எழுதப்படவில்லை என்றால் அதை இனி யாராலும் விடுவிக்கவும் முடியாது, ஆகவே அது கசிவு. முதலில் 'கிளியர்' எழுதிப் பழைய பட்டியலை அழித்துவிட்டு, சந்தேகப்படும் செயலை நூறு முறை செய்து, 'ஸ்கேன்' எழுதிப் பாருங்கள். ஒருமுறை ஸ்கேன் செய்து வருவதை நம்பாதீர்கள், முகவரி அந்த நேரம் ஏதோ ரெஜிஸ்டரில் இருந்திருக்கலாம். இரண்டு மூன்று ஸ்கேனிலும் நிலைத்து நிற்பதுதான் நிஜம்.

இது பிடிக்காத ஒரு வகை உண்டு. பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், எடுப்பதற்கு மறந்த கோட். முகவரி பட்டியலில் பத்திரமாக இருக்கிறதல்லவா, கேமெம்லீக் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும், நினைவகம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஸ்லாப்டாப்பும் பொறுமையும்தான்.

கசிவு பெரும்பாலும் எங்கே இருக்கும் என்று கேட்டால், நல்ல பாதையில் இருக்காது. மூன்று பொருள் வாங்க வேண்டும், மூன்றாவது கிடைக்கவில்லை, உடனே 'ரிட்டர்ன்' என்று திரும்பிவிடுகிறது, முதல் இரண்டும் அனாதை. கெர்னல் கோடில் பிழைப் பாதைக்கு 'கோட்டூ' போட்டு, வாங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் விட்டுக்கொண்டே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் கோட்டூ பாவம் என்று படித்தவர்களுக்கு உறுத்தும், ஆனால் இந்த ஒரு இடத்தில் அதைவிடச் சுத்தமான வழி சி மொழியில் நான் பார்த்ததில்லை. அந்தப் பாதைகள் ஓடுவதே அபூர்வம் என்பதால் யாரும் சோதிப்பதும் இல்லை. கேமாலக்கை வேண்டுமென்றே தோற்கவைக்கும் 'ஃபெயில்ஸ்லாப்' என்ற வசதி கெர்னலிலேயே இருக்கிறது, ஒரு மதியம் அதை இயக்கிவிட்டுப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

கேள்வி: 'டர்ட்டி கவ்' பிழை ஒன்பது வருடம் கெர்னலில் இருந்ததாமே. இத்தனை பேர் பார்க்கும் கோடில் எப்படி அது சாத்தியம்?

ஒன்பது வருடம் சரி, 2007இல் வந்த 2.6.22 முதல் 2016 அக்டோபர் வரை. ஆனால் "யாரும் பார்க்கவில்லை" என்பது சரியில்லை, பார்த்தார்கள், அதுதான் சுவாரசியம். இந்த ரேஸை (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழையை) லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005இல் பார்த்து ஒரு திருத்தம் போட்டார். அது ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் சிக்கல் தந்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. 2016இல் உண்மையான திருத்தத்தைப் போடும்போது, பதினோரு வருடம் முன்பு நானே இதை மோசமாகத் திருத்த முயன்றேன் என்று அந்த விளக்கத்திலேயே எழுதினார். அப்போது ஏட்டில் மட்டும் சாத்தியமாக இருந்த ரேஸ், நினைவகக் கோட் மாறி மாறிப் பின்னாளில் எளிதில் நடத்திக்காட்டக்கூடியதாக ஆகிவிட்டது.

பிழை இதுதான். படிக்க மட்டும் உரிமையுள்ள ஃபைலைத் தனிப்பட்ட முறையில் நினைவகத்தில் விரித்துக்கொண்டு அதில் எழுதினால், கெர்னல் அசலைத் தொடவிடாமல் உங்களுக்கென்று ஒரு நகல் பக்கம் எடுத்துத் தரும். நகல் எடுத்தாயிற்று, இனி எழுதும் உரிமையைச் சோதிக்க வேண்டாம் என்று அடுத்த சுற்றில் "எழுதப்போகிறேன்" என்ற கொடியைக் கெர்னல் இறக்கிவிட்டுப் பக்கத்தைத் தேடும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் வந்து "இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்" என்று நகலைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இப்போது தேடும் கெர்னலுக்குக் கிடைப்பது அசல் ஃபைலின் பக்கம், கொடி இறங்கியிருப்பதால் படிக்கத்தானே என்று தந்துவிடுகிறது, எழுத்து அசலில் போய் விழுகிறது. சாதாரணப் பயனாளி ரூட் (முழு அதிகாரமுள்ள பயனாளி) ஆகிவிடலாம். பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-5195 என்பது இதன் எண்.

திருத்தம் சில வரிகள்தான். கொடியை இறக்காமல், "நகல் எடுத்தாயிற்று" என்று வேறொரு கொடியை ஏற்றி, பக்கம் உண்மையிலேயே எழுதப்பட்ட நகல்தானா என்று பக்க அட்டவணையில் பார்த்துவிட்டே நம்புவது. அதிலும் பெரிய பக்கங்களுக்கான பாதையில் ஓட்டை இருந்தது, அடுத்த வருடமே சிவிஇ-2017-1000405 என்று இன்னொரு எண் போட வேண்டியதாயிற்று. ஒரே தர்க்கம் 4 கிலோபைட் பக்கத்துக்கு ஒரு இடத்திலும் பெரிய பக்கத்துக்கு இன்னொரு இடத்திலும் இரண்டு பிரதியாக எழுதப்பட்டிருந்தால், ஒன்றைத் திருத்துபவர் மற்றதையும் கிளறியே ஆக வேண்டும். நான் பேட்ச் (ஒருவர் அனுப்பும் கோட் திருத்தம்) பார்க்கும்போது முதலில் கேட்பது "இதேபோல் வேறு எங்கே இருக்கிறது" என்றுதான்.

கேள்வி: எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் எழுதிவிட்டால் இந்தப் பகுதியையே மூடிவிடலாமா?

எனக்கு வேலை போய்விடும் என்ற ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 6.1 முதல் லினக்ஸில் ரஸ்ட்டுக்கு இடம் உண்டு. ஒரு துண்டுக்கு ஒரே சொந்தக்காரர், அவர் போனால் துண்டும் போகும், கடன் வாங்கியவர் அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்பதைக் கம்பைலரே கண்டிப்பாகப் பார்ப்பதால் முதல் கேள்வியில் வந்த பிழை பெரும்பாலும் கம்பைலே ஆகாது. தன் தயாரிப்புகளின் பாதுகாப்புத் திருத்தங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது, ஆகவே லாபம் சின்னதில்லை. ஆனால் ஏற்கெனவே சி மொழியில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன, புதிதாக எழுதும் டிரைவரும் அவற்றோடுதான் பேச வேண்டும், அந்த எல்லையில் 'அன்சேஃப்' (இங்கே கம்பைலர் பொறுப்பில்லை) என்று எழுதித்தான் ஆக வேண்டும். பகுதியை இப்போதைக்கு மூடவில்லை.

கேள்வி: பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டேன். பேட்ச் அனுப்பும்போது விளக்கம் எப்படி எழுதுவது? "நினைவகப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். எந்த பிராசஸரில் எது ஓடும்போது இன்னொன்றில் எது நடந்தால் விழுகிறது என்று இரண்டு பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொள்வார். கேசான் அறிக்கையில் தேவையான வரிகளை மட்டும் ஒட்டுங்கள். பிழையை நுழைத்த கமிட் (பதிவான மாற்றம்) எது என்று, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட்டால் தேடுங்கள், ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சுற்றில் முடிந்துவிடும். அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்தைத் தலைப்போடு 'ஃபிக்ஸஸ்' வரியில் போட்டால்தான் எந்தப் பழைய பதிப்புகளுக்கு இதை எடுத்துப்போக வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனம், எப்போதாவது மட்டும் விழும் பிழையில் பைசெக்ட் பொய் சொல்லும். விழாத ஒரு சுற்றை "நல்லது" என்று குறித்துவிட்டால் அதன்பிறகு எல்லாமே தப்பான பக்கம்தான். மேலே சொன்ன தூக்க வரியைப் போட்டு ஜன்னலை அகலமாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் சார். நீங்கள் தபாலில் அனுப்பிய பதில்படி வரிசையை மாற்றினேன். தூக்க வரி போட்டதும் பழைய கோட் மூன்றாவது சுற்றிலேயே கேசானில் மாட்டியது, புதியது மாட்டவில்லை. ஆனால் ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை கெர்னல் இன்னும் விழுகிறது. கேசான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்லப்-டீபக் மட்டும் 6பி நிரப்பிய இடத்தின் நடுவில் வேறு பைட்டுகள் இருக்கின்றன என்கிறது.

அந்த "வேறு பைட்டுகள்" என்ன என்று பார்த்தீர்களா? உங்கள் கார்டு பிடிக்கும் தரவு மாதிரி இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கேசான் பார்ப்பது கம்பைலர் சோதனை சொருகிய கோடை மட்டும், அதாவது பிராசஸர் செய்யும் எழுத்தை. கார்டு டிஎம்ஏ வழியாக நேரே நினைவகத்தில் கொட்டுவதை அது எப்படிப் பார்க்கும்? நீங்கள் கார்டிடம் "இன்டரப்ட் அனுப்பாதே" என்று சொல்லியிருக்கிறீர்கள், "கொட்டாதே" என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். அது தன்பாட்டுக்குக் கடைசிப் பஃபரை நிரப்பிக்கொண்டிருக்கிறது, பஃபரோ விடுபட்டுவிட்டது.

ரிமூவின் முதல் வேலையாக டிஎம்ஏயை நிறுத்தும் பிட்டை எழுதுங்கள். எழுதியதும் அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படியுங்கள், பிசிஐயில் எழுத்து வழியிலேயே தங்கியிருக்கலாம், படிப்புக்குப் பதில் வர வேண்டுமென்றால் எழுத்து முன்னே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு கார்டு "நின்றுவிட்டேன்" என்று காட்டும் பிட் ஏறும்வரை காத்திருந்து, பஸ் மாஸ்டர் அனுமதியையும் (கார்டு தானாக நினைவகத்தைத் தொடும் உரிமையை) எடுத்துவிட்டு, அப்புறம் பஃபரை விடுங்கள். உறுதிப்படுத்த ஐஓஎம்எம்யூவை (கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பகுதியை) கண்டிப்பான நிலையில் வைத்துப் பழைய கோடை ஓட்டுங்கள். சோம்பேறி நிலையில் வைத்தால் பஃபரைப் பிரித்த பிறகும் பழைய வழி கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், பிடிபடாது. கண்டிப்பான நிலையில், உரிமை இல்லாத முகவரிக்குக் கார்டு எழுதப் போகும்போது கார்டின் எண்ணோடும் முகவரியோடும் லாகில் ஒரு வரி விழும். அந்த முகவரி உங்கள் கடைசிப் பஃபருக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.